நாலு மாதத்து ஆங்கிலம்

என் பெட்டியை அப்பா வாழைக்குலை நிறுக்கும் தராசில்தான் நிறுத்தார். பின்வளவு மாமரக் கொப்பில் எப்போதும் தொங்கும் கொளுக்கித் தராசு அது. நீர்வேலிச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு குலையும் முதலில் அதில் ஒருதரம் ஏறி இறங்கும். பெட்டியின் கைபிடியைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு அப்பா எட்ட நின்று முள்ளைப் பார்த்தார். "முப்பத்திநாலு. நாலு கிலோ எடுக்க வேணும்" என்றார். அம்மா பெட்டியைத் திறந்து என் உடுப்பில் நாலைந்தை எடுத்தார். பிறகு என் தடித்த புத்தகங்கள் இரண்டை எடுத்தார். மற்றவர்களின் பொதி ஒன்றிலும் கை வைக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் பத்தொன்பது வீட்டுப் பொதிகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒருவர் லண்டனுக்குப் போகிறார் என்றால் கேற்றடியில் சனம் வரத் தொடங்கிவிடும். மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, பனம்பழப் பினாட்டு, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். எல்லாம் சொப்பிங் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பேனையால் பெயரும் போன் இலக்கமும் எழுதி வரும். பண்டத்தரிப்பிலிருந்து ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து ஒரு சின்னப் பால்மா ரின் தந்தார். உள்ளே பனங்கட்டி. "மகளின்ரை கையிலை குடு பிள்ளை. ஆளைப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். அவரை எனக்கு அதற்கு முன் தெரியாது. பத்தொன்பதில் ஒன்றாக அதையும் வாங்கி வைத்தேன்.

நான் போனது நாலு மாதத்துக்கு. இதை அப்போதே நான் நூறு தடவை சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடிந்து மூன்றாம் வருடம் தொடங்காமல் இழுபட்ட காலம் அது. ஒரு வேலைநிறுத்தம், அதனால் பிந்திய பரீட்சை, அதனால் பிந்திய பெறுபேறு. 'தொடங்கும் திகதி பின்னர் அறிவிக்கப்படும்' என்ற ஒற்றை வரியை நாங்கள் கிழமைக்கொரு முறை திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தோம்.

நான் படிப்பது தாவரவியல். படிப்பிப்பவர்கள் தமிழர், என்னோடு படிப்பவர்களில் பெரும்பாலானோரும் தமிழர், படிப்பு மட்டும் ஆங்கிலம். இரண்டாம் வருடக் கருத்தரங்கு ஒன்றில் நான் வாழை இலைக் கருகலைப் பற்றிப் பேசினேன். பேசினேன் என்றால், எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தேன். முடிவில் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். கருகிய இலையை எந்தக் கட்டத்தில் வெட்ட வேண்டும், வெட்டியதை என்ன செய்ய வேண்டும் என்று. எனக்கு ஏழு வயதிலேயே தெரிந்த விடை அது. அப்பா வெட்டிப் போடப் போட, அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்துக்கு வெளியே குவித்து எரித்தது நான்தான். அந்த விடை தமிழில் என் வாய்வரை வந்து நின்றது. ஆங்கிலத்தில் அது வெளியே வரவில்லை. 'சொறி' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லோடு போய் உட்கார்ந்தேன். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தக் கதையை அம்மா தன் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். மாமா லண்டனில் இருபது வருடமாக இருக்கிறவர். "உந்த லீவுக்கு இங்கை வந்து இங்கிலிஸ் படிக்கட்டும், செலவு என்ரை பொறுப்பு" என்றார். நான் உடனே ஓம் என்றேன். விசாவுக்கு நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பல்கலைக்கழகக் கடிதம், பெறுபேறு, காணி உறுதியின் பிரதி, திரும்பி வரும் ரிக்கற் எல்லாம் கொடுத்தேன். என் முகத்தையே காணாத யாரோ ஓர் அதிகாரி அதை நம்பி விசா தந்தார். ஊரைத்தான் என்னால் நம்ப வைக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் 'வெளியில் படிக்கப் போகிறேன்' என்பது போவதற்குச் சொல்லும் மரியாதையான காரணம். அப்படிப் போனவர்களில் படித்து முடித்துத் திரும்பி வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியாது. அதனால் நீ பொய் சொல்கிறாய் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். 'ஓமோம்' என்று சிரித்துத் தலையாட்டுவார்கள். எதிர்வீட்டு மாமி என் கையைப் பிடித்து, "எங்களை மறந்திடாதை பிள்ளை" என்று அழுதார். நாலு மாதத்தில் யாரை மறக்க முடியும் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அம்மா அழவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அம்மாவாவது என்னை நம்புகிறார் என்று.

அந்த ஆறுதல் லண்டனில் முதல் நாளே போயிற்று. மாமா வீட்டுச் சின்ன அறையில் பெட்டியைத் திறந்து பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாம் எடுத்து முடிய, அடியில், என் துவாய்க்குக் கீழே, ஒரு கடதாசி உறை. உள்ளே என் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியும், மஞ்சள் பூசிய மட்டையோடு என் சாதகக் கொப்பியும் இருந்தன. ஒரு பொதி வெடித்து, சாதகத்தின் ஓரமெல்லாம் மிளகாய்த்தூள். நாலு மாதம் ஆங்கிலம் படிக்கப் போகிறவளுக்குச் சாதகம் எதற்கு? எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையின் சாதகம் தாயின் அலுமாரியில், தாயின் கூறைச்சேலைக்குக் கீழே இருக்கும். அந்தக் கொப்பியே வீட்டைவிட்டு வெளியே போகிறது என்றால் அந்தப் பிள்ளையின் கணக்கை அந்த வீடு முடித்துவிட்டது என்று பொருள். நான் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் தும்மினேன். தும்மலோடு அழுகையும் வந்தது. பிறகு உறையைத் துவாயில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தேன். மாமாவுக்குச் சொல்லவில்லை.

படிப்பு தொடங்கியது. காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை, ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. பன்னிரண்டு பேர். ஆசிரியைக்கு எப்போதும் தடிமன், மூக்கைத் துடைத்துத் துடைத்துத்தான் படிப்பிப்பார். முதல் நாள் ஒவ்வொருவரும் ஏன் ஆங்கிலம் படிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். துருக்கிக்காரர் வேலைக்கு என்றார். பிரேசிலிலிருந்து வந்த பெண் இங்கேயே இருந்துவிட என்றார். நான், ஊருக்குத் திரும்பிப் போய்ப் பாடம் விளங்கிக்கொள்ள என்றேன். ஆசிரியை மூக்கிலிருந்து கையை எடுத்து, "ஊரில் ஆங்கிலத்திலா படிப்பிக்கிறார்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "படிப்பிப்பவர்கள் ஆங்கிலேயரா?" இல்லை, எங்கள் ஆட்கள் என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

ஒன்றரைக்குப் பிறகு என் ஆங்கிலமும் முடிந்துவிடும். மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் ஆறு வயதும். இரண்டுக்கும் வாய் திறந்தால் ஆங்கிலம்தான். அவர்களோடு கதைத்துப் பழகலாம் என்று நான் கனவு கண்டிருந்தேன். மாமிக்கு வேறு திட்டம். "நீ பிள்ளையளோடை இங்கிலிஸிலை கதைச்சுப்போடாதை. உன்னை வைச்சுத்தான் அதுகள் தமிழ் பழக வேணும்" என்றார். ஆக, ஆங்கிலம் படிக்க லண்டன் போன நான் பின்னேரம் முழுவதும் அ, ஆ எழுதிக் காட்டினேன். நாலாம் மாதம் சின்னவன், "மச்சாள், எனக்குக் களைக்குது" என்று சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னான். அந்த வீட்டில் ஒருவருடைய மொழியாவது முன்னேறியதே என்று நினைத்துக்கொண்டேன்.

சனி ஞாயிறுகள் பொதிகளுக்குப் போயின. பத்தொன்பது பொதிகளும் லண்டனின் பத்தொன்பது மூலைகளுக்கு. ரயில், பஸ், நடை, மழை. போகுமிடமெல்லாம் எங்கள் ஆட்கள், எங்கள் தமிழ், எங்கள் குசினி வாசம். வாசலில் சப்பாத்தைக் கழற்றியதுமே கேள்வி தொடங்கும். "எவ்வளவு காலத்துக்கு வந்தனீ?" நாலு மாதம் என்பேன். புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "நாங்களும் அப்பிடித்தான் பிள்ளை சொல்லி வந்தனாங்கள்." தேத்தண்ணி வரும். நல்ல மனிதர்கள், நல்ல தேத்தண்ணி. பத்தாவது வீட்டுக்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லச் சலித்துவிட்டது. நானும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினேன். சிரித்தால் கெதியாய் எழும்பி வரலாம்.

கடைசிப் பொதி பண்டத்தரிப்பு அம்மாவின் பால்மா ரின். அவருடைய மகளான அக்காவுக்கு ஓய்வு நாளே கிடைப்பதில்லை, அதனால்தான் பிந்தியது. ஒரு கோழிக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு வருடப் படிப்புக்கு என்று வந்தவர். அங்கே தங்குவதற்கான கடதாசி இன்னும் சரிவரவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. ரின்னைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். அம்மா நடக்கிறாரா, யார் கூட்டிவந்தது, எந்தச் சேலை உடுத்திருந்தார் என்று கேட்டார். நான் தெரிந்ததைச் சொன்னேன்.

பிறகு, "எப்ப திரும்பிப் போறாய்?" என்று கேட்டார். வழக்கமான சிரிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டு திகதியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தினை கிலோ கொண்டு போவாய்?"

"முப்பது."

"எனக்கு ஒரு கிலோ வைச்சிரு. அம்மாவுக்கு ஒரு சாமான் குடுத்துவிட வேணும்."

லண்டனில் நான் திரும்பிப் போவேன் என்று நம்பிய முதல் ஆள் அவர்தான். ஓம் அக்கா, கட்டாயம் வைப்பேன் என்று ஏதோ பெரிய உதவி செய்பவள் மாதிரி மூன்று தடவை சொன்னேன்.

வகுப்பில் ஒரு நல்ல நாளும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் கதைக்கச் சொன்னார்கள். நான் வாழையைப் பற்றிக் கதைத்தேன். கடைசிச் சீப்பு வந்ததும் பூப்பொத்தியை வெட்டுவது, காற்றுக்கு முன் முட்டுக் கொடுப்பது எல்லாம். எழுதி வைத்ததைப் பார்க்கவில்லை. முடித்ததும் பிரேசில் பெண், ஒரு மரத்தடியில் எத்தனை வாழைக்குட்டி விடுவீர்கள் என்று கேட்டார். ஒன்றுதான் விடுவோம், மற்றவை தாயின் சத்தை எடுத்துவிடும் என்றேன். தங்கள் ஊரில் இரண்டு விடுவோம் என்றார். உங்கள் மண் வேறு என்றேன். இப்படி நாலைந்து தடவை போய்வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஒருவர் கேள்வி கேட்கிறார், நான் ஆங்கிலத்தில் விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் அவரும் மாமியும் இருந்தார்கள். "அம்மா உன்ரை சாதகம் தந்துவிட்டவவெல்லே. அதை எடு பாப்பம். இங்கை கடதாசி உள்ள ஒரு பெடியன், நல்ல குடும்பம்" என்றார்.

"என்னட்டை இல்லை மாமா."

"அடியிலை வைச்சனான் எண்டு அம்மா சொன்னவ."

"இல்லை" என்றேன். பெரியவர்களிடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. மாமா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. இரண்டு வேலை செய்கிற, களைத்த மனிதர். அக்காவின் பிள்ளைக்கு ஒரு வழி செய்து கொடுத்தால் தன் கடமை ஒன்று முடியும் என்று நினைத்தார்.

அன்று பின்னேரம் அம்மா போன் எடுத்தார்.

"என்னத்துக்கு மாமாவுக்குப் பொய் சொன்னனீ?"

"எனக்குச் சொல்லாமல் என்னத்துக்கு அதை வைச்சனீங்கள்?"

"சொன்னால் நீ கொண்டு போயிருப்பியோ?"

அம்மாதான் தொடர்ந்தார். "பிள்ளை, இங்கை என்ன கிடக்குதெண்டு ஓடி வரப்போறாய்? பட்டம் எடுத்த பெட்டையள் எல்லாம் வீட்டிலை இருக்குதுகள்."

"என்ரை படிப்புக் கிடக்குது."

"அதுதான் எப்ப திறக்கிறாங்களெண்டே தெரியாதே."

அது உண்மை. அந்தக் கிழமை முழுவதும் நான் தடுமாறினேன் என்பதையும் ஒளிக்கக் கூடாது. பஸ்ஸின் மேல்தட்டில் முன்னால் உட்கார்ந்து, இங்கேயே நின்றுவிட்டால் என்ன என்று யோசித்தேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, ஒருவருக்கும் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் எதிர்பார்ப்பதைச் செய்வதுதான் எவ்வளவு சுகம். அப்படி நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றாம் வருடப் பதிவு ஒரு திங்கட்கிழமை தொடங்கி அந்த வெள்ளியோடு முடியும். பதியாவிட்டால் வருடம் போய்விடும், பின்னால் வருபவர்களோடுதான் சேர வேண்டும். என் ரிக்கற் அந்தத் திங்களுக்கு முந்திய வியாழனுக்கு. மாமா, "ரிக்கற்றை மாத்தலாம். விசா இன்னும் ரெண்டு மாசம் கிடக்குது. யோசி" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

மற்றப் பதினெட்டு வீடுகளுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். இன்ன நாள் போகிறேன், ஊருக்கு ஏதும் கொடுத்துவிடுவதென்றால் தாருங்கள், முப்பது கிலோ இருக்கிறது என்று. எல்லோரும் அன்பாகக் கதைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் தரவில்லை. ஊருக்குப் போகும் ஒருவரிடம் சாமான் கொடுக்காமல் விடுகிற சனமல்ல எங்கள் சனம். ஒரு சட்டைப்பைக்குள் இடமிருந்தாலும் ஒரு மருந்துப் போத்தலைச் செருகிவிடுவார்கள். போகாத ஆளிடம் யார் கொடுப்பார்கள்?

அக்கா மட்டும் கடைசி ஞாயிறு, வேலை உடுப்போடேயே ரயில் நிலையத்துக்கு வந்து ஒரு பொதி தந்தார். ஒரு சோடி மெத்தென்ற செருப்பு, முழங்காலுக்குப் பூசும் களிம்பு. "அம்மாவுக்குக் கால் நோகுது" என்றார். அவருடைய ரயில் வந்துவிட்டது.

விமான நிலையத்தில் பெட்டி பதினொரு கிலோ நிறுத்தது. தராசடியில் நின்ற பெண் இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாமா கடைசிக் கதவுவரை வந்து என் தலையில் கை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கே தெரியாமல், "குறை நினையாதையுங்கோ மாமா" என்றேன்.

கொழும்பிலிருந்து வந்த பஸ் கொடிகாமத்தைத் தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. வீதியோரம் மரக்கறி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பரவசமும் வரவில்லை. கால் வீங்கியிருந்தது, முகம் கழுவ வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். பெட்டியைத் தூக்கியவர் ஒருகணம் நின்று, "பாரமில்லை" என்றார். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வீடுவரை ஓட்டிக்கொண்டு போனார்.

அம்மா கேற்றடியில் நின்றார். நான் விமானம் ஏற மாட்டேன் என்று கடைசிவரை நினைத்திருந்திருக்கிறார். "வந்திட்டியோ" என்றார். ஓம் என்றேன். ஒரு பரீட்சையில் நான் தவறிவிட்டு வந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். பெட்டியைத் திறந்து உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அம்மா சாதகத்தின் ஓரத்திலிருந்த மிளகாய்த்தூளைச் சேலைத் தலைப்பால் தட்டினார். பிறகு அதை அலுமாரிக்குக் கொண்டுபோகாமல் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்து, பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார்.

ஊர் கேட்கத் தொடங்கியது. எப்ப வந்தனீ, எப்ப திரும்பிப் போறாய், விசாவிலை ஏதும் பிரச்சினையோ. மூன்றாம் நாள் புதுக் கதை ஒன்று பரவியிருந்தது. என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டார்களாம். நான்தான் நாலு மாதம் என்று போனேனே, நாலு மாதத்தில் வந்தேனே என்று சொல்லிப் பார்த்தேன். பாவம் என்பது போல் பார்த்தார்கள். லண்டனில் நான் போக மாட்டேன் என்று சிரித்தார்கள், இங்கே நான் வந்ததற்கு இரங்கினார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லி நான் களைத்துப்போனேன். அம்மா கோயிலுக்குப் போவதை ஒரு கிழமை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட நொந்தது.

என் சைக்கிளும் இல்லை. நான் போய் இரண்டாம் கிழமையே அம்மா அதை எதிர்வீட்டு மாமியின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கிறது. காலையில் எங்கள் கேற்றைத் தாண்டும்போது என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதிக்கும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேட்டால் நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று அம்மா தெருவுக்குச் சொன்னதாகிவிடும். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். பதிவு செய்தேன். முதல் கிழமையே அதே விரிவுரையாளர் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். எழுந்து நின்று சொன்னேன். இரண்டு இடத்தில் பிழை விட்டேன், திருத்திக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். நாலு மாதத்து ஆங்கிலம் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை பண்டத்தரிப்புக்குப் போனேன். அந்த அம்மா கதிரையில் இருந்தபடி என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"ஆளைப் பாத்தனியோ? மெலிஞ்சிட்டாளோ?"

"இல்லை அம்மா. நல்லாய் இருக்கிறா."

"தலை நரைச்சிட்டுதோ?"

நான் தயங்கினேன். "கொஞ்சம்" என்றேன்.

"எனக்குத் தெரியும். போனிலை தொப்பி போட்டுக்கொண்டுதான் கதைக்கிறவள்."

செருப்பைக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துத் தடவினார். பிறகு குனிந்து வீங்கிய காலை விட்டார். விரல்கள் பாதிக்கு மேல் போகவில்லை. மற்றக் காலையும் விட்டுப் பார்த்தார். குதி இரண்டும் வெளியே நிலத்தில் கிடந்தன. "அவள் போகேக்கை என்ரை கால் உப்பிடி இல்லை" என்றார். செருப்பைக் கழற்றித் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு, "அளவாய் இருக்குதெண்டு சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் நாலு மாசம் எண்டுதானே போனனீ?"

"ஓம் அம்மா."

"வந்து சொன்னாய்" என்றார்.

அன்று பின்னேரம் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதை அப்படியே சொன்னேன், செருப்பு, தொப்பி எல்லாம். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்.

"அவவின்ரை மகள் நல்லாய்த்தானே இருக்கிறாள்?"

"ஓம்."

"வேலை இருக்குது?"

"ஓம்."

"பிறகென்ன."

எனக்குக் கோபம் வந்தது. எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் விளங்கியது. அளவில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு, அளவாய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பதின்மூன்று வருடம் இருக்க ஆயத்தமாகத்தான் அம்மா என் சாதகத்தைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். நான் போகும் நாளில் அழாமல் நின்றதும் அதற்குத்தான். அதன் பிறகு கோபப்பட எனக்குப் பலமிருக்கவில்லை.

"அம்மா, உங்கடை கால் என்ன அளவு?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"எனக்கு அது தெரியாமல் போகக் கூடாது."

அம்மாவின் கை நின்றது. அரைத் தேங்காயைத் திருவலையில் வைத்தபடி தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பவும் திருவத் தொடங்கினார்.

திங்கள் காலை பஸ்ஸுக்கு ஓட ஆயத்தமாகி வெளியே வந்தேன். கேற்றுக்குள்ளே என் சைக்கிளை உருட்டிக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு வாசலில் மாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன் சில்லில் காற்றுக் குறைவாக இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"அப்பாட்டைச் சொல்லியிருக்கிறன், வேறை ஒண்டு பாத்துக் குடுப்பார்."

"என்ன சொல்லித் திருப்பிக் கேட்டனீங்கள்?"

அம்மா சைக்கிளை என் கையில் தந்துவிட்டு, ஆசனத்திலிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் தட்டினார்.

"என்னத்தைச் சொல்லுறது. பிள்ளை வந்திட்டாள், அவளுக்கு வேணும் எண்டனான்."